கால் எட்டாத வண்டி

கொன்னையேந்தலுக்கு முதல் டிராக்டரை ராக்கப்பன் வாங்கிவந்தபோது அவன் மகன் மருதுபாண்டிக்கு ஒன்பது வயது. அடுத்த வருடமே அவன் அதை ஓட்டினான். சீட்டில் உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டாது. அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவதுபோல நின்றுகொண்டு, உடம்புப் பாரத்தை எல்லாம் ஒற்றைக் காலில் இறக்கி மிதிப்பான். ராக்கப்பன் உத்தரகோசமங்கை ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவான்.

“பத்து வயசுல டிராக்டர் ஓட்டுறான்யா எம் மகன். சுத்துப்பட்டுல எவன் வீட்டுலயாச்சும் உண்டா?”

வாசலில் நின்று பார்க்கும் அவன் மனைவி வீரலட்சுமிக்கும் மகனை நினைத்துப் பெருமைதான். அந்த ஊரில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வண்டி காட்டுக்குக் கிளம்பினால் இரண்டு மட்கார்டிலும் பிள்ளைகள் தொற்றிக்கொள்வார்கள். பின்னால் கலப்பைச் சட்டத்தில் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். இறங்கு என்று சொன்ன பெரியவர் ஒருவரும் கிடையாது.

1985 ஐப்பசியில் நல்ல மழை. மிளகாய்க் காட்டை உழுது முடித்த ராக்கப்பன், வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி மகனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசிக்கொண்டு நின்றான். அவர்கள் வீட்டில் பண்ணை வேலை பார்த்த சின்னக்கருப்பனின் மகள் பேச்சி, அப்பனுக்குக் கஞ்சி கொண்டுவந்துவிட்டு வெறும் தூக்குச்சட்டியோடு நடந்து திரும்பிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை. “ஏறிக்க, வீட்டுல விட்டுர்றேன்” என்றான் மருதுபாண்டி. அவள் ஏறி மட்கார்டில் உட்கார்ந்தாள்.

கண்மாய்க் கரை நனைந்து வழுக்கியது. மடைக்குப் பக்கத்தில் கரை குறுகும் இடத்தில் பின்சக்கரம் சரிந்தது. நின்று ஓட்டுகிற பையனுக்கு பிரேக்கில் கால் வைக்க முடியவில்லை. வேலை முடிந்து பின்னால் நடந்து வந்த சின்னக்கருப்பன் கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் வண்டி கண்மாய்ப் பள்ளத்துப் பக்கமாகப் புரண்டது. பேச்சி அங்கேயே இறந்துபோனாள். மருதுபாண்டியின் இடது கால் மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, விதி என்றார்கள். போலீசு வரைக்கும் போகவேண்டாம் என்றார்கள். ராக்கப்பன் இரண்டு மூட்டை நெல்லைச் சின்னக்கருப்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். மூட்டை போன வண்டியிலேயே திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாள் வீரலட்சுமி காலனிக்கு நடந்து போனாள். அதுவரை அவள் கால் படாத தெரு அது. பேச்சியின் அம்மா சோலையம்மாள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. வீரலட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

கடைசியில் சோலையம்மாள்தான் பேசினாள். “நெல்லு எனக்கு எதுக்கும்மா? எம் புள்ளைக்கு ஆக்கிப் போடவா?”

வீரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்குக் குடுக்கணும்னு நெனச்சீகன்னா ஒண்ணு குடுங்க. இனிமே இந்த ஊருல ஒரு புள்ளையும் அந்த வண்டியில ஏறக் கூடாது. ஒங்க புள்ளையும் சரி, எங்க தெருப் புள்ளையும் சரி. அதுக்கு ஒங்களால முடியுமா?”

“முடியும்” என்றாள் வீரலட்சுமி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

டிராக்டர் கண்மாய்க்குள்ளேயே கிடந்தது. ராக்கப்பன் அந்தப் பக்கமே போகவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. வீட்டில் ஒரு மூலையில் மகன் கட்டிலில் கிடக்க, இன்னொரு மூலையில் அவன் படுத்துக் கிடந்தான். சொந்தக்காரர்கள் வந்து, ரத்தம் குடித்த வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றார்கள்.

“வண்டி குடிக்கல. நாமதான் கொண்டுபோய்க் குடுத்தோம்” என்றாள் வீரலட்சுமி. “இதை வித்தா வாங்குறவன் வீட்டுலயும் புள்ளைக இருக்கும். வண்டி இங்கனயே இருக்கட்டும். ஆனா இனிமே நான் சொல்றபடிதான் ஓடும்.”

ஆள் வைத்து வண்டியைத் தூக்கி, கீழக்கரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்தாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அடுத்த கேள்வி யார் ஓட்டுவது என்பது. ராக்கப்பன் தொடமாட்டேன் என்றுவிட்டான். கூலிக்கு டிரைவர் வைத்தால் அவன் பிள்ளைகளை ஏற்றாமல் இருப்பான் என்பதற்கு யார் பொறுப்பு? அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் டிரைவர் வேலை பார்த்த வீரபத்திரனுக்கு, வண்டி ஓட்டப் பழக்கிவிட வேண்டும் என்று ஆள் அனுப்பினாள்.

“யாருக்குப் பழக்கணும்க்கா? ஒங்க தம்பிக்கா?” என்று கேட்டான் அவன்.

“எனக்குத்தான்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

சித்திரையில் கண்மாய் வறண்டு தரையெல்லாம் வெடித்துக் கிடந்தது. அங்கேதான் பழகினாள். சேலைக்கு மேல் ராக்கப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து முதன்முதலாக கிளட்சை மிதித்தபோது அவளுக்குத் தொடை நடுங்கியது. களத்தில் நெல் மூட்டையைத் தூக்கி அடுக்குகிறவள் அவள். முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால்தான் அது முழுதாக இறங்கியது. வேகத்தில் லேசாகத் திருப்பினாலே பின்பக்கம் தூக்குவது தெரிந்தது. மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தரையை விடப் பார்த்தது. ஒரு மண் கட்டியில் சக்கரம் ஏறி இறங்கியபோது, ஸ்டியரிங் அவள் கையைத் தட்டிவிட்டுத் தன்பாட்டுக்குச் சுற்றியது.

வண்டியை நிறுத்தி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“என்னக்கா, பயமா இருக்கா?” என்றான் வீரபத்திரன்.

“எனக்கே இப்படி இழுக்குதேடா. எம் புள்ள இத எப்படிடா புடிச்சான்?” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட அவள் அழவில்லை. அழுது முடித்து, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, “ம், அடுத்த கியரைச் சொல்லு” என்றாள்.

ஆவணியில் அவள் கூலி உழவுக்கு வண்டியைக் கொண்டுபோனாள். சேலையும் சட்டையுமாக ஒரு பெண் டிராக்டரில் வருவதைப் பார்க்க ஊரே வரப்பில் நின்றது. பிள்ளைகள் வழக்கம்போல ஓடிவந்தார்கள். அவர்களுக்காக இரண்டு மட்கார்டிலும் கருவேல முள்ளைக் கொத்துக் கொத்தாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஏறப் பார்த்த ஒரு பையன் கையை உதறிக்கொண்டு அலறினான். பெண்கள் ஏசினார்கள். அவள் வண்டியை ஓட்டிக்கொண்டே போனாள்.

ஊர்த் தலைவரான அம்பலம் நாகநாதன் காட்டில்தான் முதல் மோதல் வந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. விதைநெல் மூட்டை பிரித்துக் கிடந்தது. மழைக்குள் உழுது விதைத்தாக வேண்டும். நாகநாதனின் பேரன் முள் இல்லாத இடமாகப் பார்த்துக் கலப்பைச் சட்டத்தில் ஏறி நின்றான். வீரலட்சுமி இஞ்சினை நிறுத்தினாள்.

“என்னம்மா, நிப்பாட்டிட்ட?” என்றார் நாகநாதன்.

“பேரனை எறக்குங்க மாமா.”

“அவன் சும்மா நிக்கிறான். நீ பாட்டுக்கு ஓட்டு. மழை வருது பாரு.”

“அவன் எறங்கட்டும். ஓட்டுறேன்.”

நாகநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, இது எங் காடு. இவன் எம் பேரன். நீ யாரு சொல்றதுக்கு?”

“காடு ஒங்களுது. பேரனும் ஒங்க பேரன்தான். வண்டி என்னோடது மாமா. புள்ள மேல இருந்தா அது நகராது.”

மேகம் தலைக்கு மேல் வந்தது. அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாகநாதன் பேரனை இறக்கவில்லை. “போ, வண்டிய எடுத்துட்டுப் போ. ஒன்னை விட்டா ஆளில்லையா?” என்றார். பேரன் தானாகக் குதித்து இறங்கிய பிறகு அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்று பெய்த மழையில் அந்தக் காடு உழாமலேயே நனைந்தது.

அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்க அவளைக் கூப்பிட ஆள் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வேறு டிராக்டர்கள் வந்தன. அவற்றின் மட்கார்டில் பிள்ளைகள் ஏறிப்போனார்கள். ராக்கப்பனின் அண்ணன் வந்து, ஆம்பளைங்களை எதிர்த்து ஊரில் பிழைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். வீரலட்சுமி தன் சொந்தக் காட்டை மட்டும் உழுதுவிட்டு வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினாள். ஒருநாள் காலையில் பார்த்தால் வண்டி இல்லை. பதறிப்போய் இடுப்பைத் தடவினாள். சாவியும் இல்லை. சாயங்காலம் ராக்கப்பன் அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கீழக்கரைப் பட்டறைக்குப் போயிருக்கிறான். மட்கார்டுகளின் மேல் முள்ளுக்குப் பதிலாகச் சரிவான இரும்புக் கம்பி வலை பற்றவைத்திருந்தது. யாரும் உட்கார முடியாது, கை வைத்துத் தொங்கவும் முடியாது. அவன் இறங்கி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போனான். விபத்துக்குப் பிறகு அவன் அந்த வண்டியைத் தொட்டது அன்றைக்குத்தான்.

சோலையம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் களையெடுக்கப் போகும் பெண்களுக்குக் கொத்துக்காரி. அவள் சொன்னால்தான் காலனிப் பெண்கள் ஒரு காட்டில் இறங்குவார்கள். கார்த்திகை முடிந்து மிளகாய்க்குக் களை மண்டி நிற்கும் நேரத்தில் அவள் பெண்களைக் கூட்டி ஒரு முடிவு எடுத்தாள். எந்தக் காட்டில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஓடியதோ, அந்தக் காட்டுக்குக் களைக்குப் போவதில்லை. முதலில் விடுபட்டது நாகநாதன் காடு. பிறகு இன்னும் நாலைந்து காடுகள். களை மிளகாய்ச் செடியைத் தாண்டி வளர்ந்தது.

ஐயனார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பெண்கள் பேசுகிற இடமில்லை அது. வீரலட்சுமி போய் முன்வரிசையில் நின்றாள். சோலையம்மாள் தன் ஆட்களோடு சற்றுத் தள்ளி நின்றாள்.

“கூலி பத்தலன்னா கேளுங்க. கூட்டித் தாரோம். அதுக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றார் நாகநாதன்.

“கூலி கேக்கலய்யா” என்றாள் சோலையம்மாள். “நீங்க புள்ளைகள வண்டியில ஏத்துங்க, ஏத்தாம இருங்க. அது ஒங்க இஷ்டம். நாங்க களைக்கு வாரதும் வராததும் எங்க இஷ்டம். அம்புட்டுத்தான்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவர், “எப்பவோ ஒரு தடவ நடந்ததுக்கு…” என்று ஆரம்பித்தார்.

வீரலட்சுமி அவரை முடிக்க விடவில்லை. “ஒரு தடவதான் மாமா. எங்க வீட்டுல அந்த ஒரு தடவ இன்னும் முடியல. எம் மகன் பள்ளிக்கூடம் போறப்பல்லாம் நடக்குது. சோலை வீட்டுல ஒல வைக்கிறப்பல்லாம் நடக்குது. ஒங்க வீட்டுலயும் நடக்கணுமா? அப்படின்னா சொல்லுங்க, நான் போறேன்.”

நாகநாதன் நீண்ட நேரம் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் களை எடுத்தாக வேண்டும். அவள் பேசியது உள்ளே இறங்கியதா, களைதான் இறங்க வைத்ததா என்று தெரியாது. “சரி. மீசை மொளைக்காத பய எவனும் டிராக்டர்ல ஏறப்படாது. ஓட்டவும் படாது. வெளியூர் வண்டி வந்தாலும் இதான். எங் காட்டுலருந்தே நடக்கட்டும்” என்றார்.

“பொம்பளப் புள்ளைக?” என்று கேட்டாள் சோலையம்மாள்.

“அதுகளுந்தாம்மா” என்றார் அவர்.

கட்டுப்பாடு எல்லா நாளும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில், பொங்கல் சமயத்தில், கண் மறைவில் பிள்ளைகள் ஏறத்தான் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் வீரலட்சுமி போய் நின்றாள். சில வீடுகளில் அவளோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஆனாலும் அதற்குப் பிறகு கொன்னையேந்தலில் டிராக்டரால் ஒரு பிள்ளையும் சாகவில்லை.

வருடங்கள் போயின. மருதுபாண்டி செயற்கைக் காலோடு படித்தான். கீழக்கரையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து, கல்யாணம் செய்து, அங்கேயே குடியிருந்தான். ராக்கப்பன் இறந்த பிறகும் வீரலட்சுமி ஊரிலேயே இருந்து காட்டைப் பார்த்துக்கொண்டாள். பண்டிகைக்கும் நல்லது பொல்லாததுக்கும் மகன் வீட்டுக்குப் போய்வருவாள்.

2008 கோடையில் அப்படிப் போயிருந்தபோது, மருமகளோடு கடற்கரைக்குப் போனாள். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கரை. அங்கே மணலில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு ஓடியது. பைக் மாதிரி கைப்பிடி, டிராக்டர் மாதிரி நான்கு சக்கரம், உப்பிப் பெருத்த டயர். அதன் மேல் எட்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கால் வைக்கிற பலகைக்கு மேலே அவன் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னால் தங்கச்சி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். அப்பா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டித் தடுத்த பக்கத்தில் இன்னும் பல பிள்ளைகள் காத்து நின்றார்கள்.

வீரலட்சுமி மணலில் வேகமாக நடந்து வண்டிக்காரனிடம் போனாள். அவன் பெயர் ஹமீது சுல்தான். துபாயில் பாலைவனத்தில் இந்த வண்டிகள் ஓடும் இடத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு, பழைய வண்டி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்திருந்தான்.

“தம்பி, இது சின்னப் புள்ளைக வண்டியா?”

“பெரியவங்க வண்டிதாம்மா. ஆனா புள்ளைங்கதான் ஆசைப்படுதுங்க.”

“நானும் ஆசைப்படுறேன். ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாமா?”

அவன் மேலும் கீழும் பார்த்தான். அறுபதை நெருங்கும் பெண். மருமகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வீரலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எதை முறுக்க வேண்டும், எதைப் பிடித்தால் நிற்கும் என்று கேட்டுக்கொண்டு கிளப்பினாள். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மணல் மேட்டில் பக்கவாட்டில் ஏறியபோது வண்டி ஒரு பக்கமாகத் தூக்கியது. அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, உடம்புப் பாரத்தைப் போட்டு அதை அமுக்கித் தரைக்குக் கொண்டுவந்தாள். அந்தத் தூக்கல் அவளுக்கு நன்றாகப் பழகிய ஒன்று. திரும்பி வந்து இறங்கினாள்.

“நான் சாஞ்சதால அமுங்குச்சு. அந்தப் பயலுக்கு எம்புட்டு எடை இருக்கும்?”

“மாஷா அல்லாஹ், நல்லா ஓட்டுறீங்கம்மா” என்று சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தான் ஹமீது. பிறகு அவள் பார்வை விலகாததைக் கண்டு, “அங்கயும் புள்ளைங்களுக்குத் தனியாச் சின்ன வண்டி உண்டு. தலைக்குத் தொப்பி போடாம விட மாட்டாங்க. பின்னால ஆளையும் ஏத்த மாட்டாங்க” என்றான்.

“அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவன் கயிற்றை இழுத்து இறுக்கினான். “பெத்தவங்களே கேக்குறாங்கம்மா” என்றான்.

“கேக்குறது பெத்தவக. விழப்போறது புள்ள.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கூடவே சோலையம்மாளும் வந்தாள். இரண்டு பேரும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையில் வரும் பெற்றோரிடம் பேசினார்கள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். பலர், வயதான காலத்தில் வேறு வேலை இல்லையா என்றார்கள். சோலையம்மாள் பெரியவர்களோடு தர்க்கம் செய்யமாட்டாள். பிள்ளையிடம் குனிந்து பேரைக் கேட்பாள், வயதைக் கேட்பாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “எம் பொண்ணுக்கும் ஏழு வயசுதான். இந்த மாதிரி ஒரு வண்டிதான்” என்பாள். அவ்வளவுதான். சில அம்மாக்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

சில வாரங்கள் ஆனதும் ஹமீது வெடித்தான். “ஏம்மா வாரா வாரம் வந்து என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்க?”

“பொழப்பு நடக்கட்டும் தம்பி. பெரியவகளை ஓட்டச் சொல்லு.”

“எந்தப் பெரியவங்க வாராங்க? வெக்கப்படுறாங்க.”

“வெக்கந்தான, நான் போக்குறேன்” என்று சொல்லி வண்டியில் ஏறினாள் வீரலட்சுமி.

அந்த ஞாயிறு கடற்கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நரைத்த கொண்டையும் செருகிய சேலையுமாக ஒரு கிராமத்துப் பெண் அலை ஓரமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு டீச்சர், கணவனிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு, “நானும் ஓட்டுறேன்” என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு வெட்கப்பட்ட கணவர்கள். பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, அம்மா ஓட்டுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஹமீது அன்று சாயங்காலம் வரை உட்காரவே இல்லை.

அடுத்த வாரம் அவன் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் பெரிய ஆள் உயரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தான். துணியைத் தொடாத தலைக்கு வண்டி கிடையாது. பின்னால் ஆள் கிடையாது. கீழக்கரையில் வாங்கிய இரண்டு ஹெல்மெட்டும் தொங்கின. காரில் வந்த ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்து, இரண்டு பங்கு தருகிறேன், பையனை ஏற்று என்றார். ஹமீது முடியாது என்றான். அவர் குரலை உயர்த்தினார்.

“நீங்க ஏறுங்க, ராஜா மாதிரி ஓட்டலாம்” என்றான் ஹமீது. “புள்ளையை ஏத்த மாட்டேன். என்னைத் திட்டுறதா இருந்தா, அந்தா நிக்கிறாங்களே ரெண்டு பேரு, அவங்ககிட்டப் போய்த் திட்டுங்க.”

வீரலட்சுமியும் சோலையம்மாளும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் மகனைக் கூட்டிக்கொண்டு அலைப் பக்கம் நடந்தார்.

2009 தொடக்கத்தில் ஹமீதுதான் அந்தச் செய்தியைச் சொன்னான். தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரையில் வேறொருவன் இரண்டு வண்டி இறக்கியிருக்கிறானாம். பிள்ளைகளைத்தான் ஏற்றுகிறானாம். தான் பேசிப் பார்த்தும் அவன் கேட்கவில்லையாம்.

வீரலட்சுமி சோலையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். “பாலம் தாண்டிப் போகணும். வெயிலு. போய்ட்டு வர ஒரு நாளு ஆகும். ஒனக்கு முழங்கால் வேற வலிக்குது.”

“வலிச்சா வலிக்கட்டும்க்கா” என்றாள் சோலையம்மாள். “காலையிலயே கெளம்பிருவோம்.”